மூணாறு குளிரில் ஷேக்கிள்டனின் ‘சவுத்’: போடியிலிருந்து உடுமலை வரை

ஜனவரி 8: போடி, போடிமெட்டு, மூணாறு

போடிநாயக்கனூரில் ஜனவரிக் காலைக்கு ஸ்வெட்டர் தேவைப்படாது. அதை நம்பிப் பையின் அடியில் திணித்துவிட்டால் மதியத்துக்குள் நடுங்க வேண்டியதுதான். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறும்போதே ஜன்னல் கண்ணாடிகளை ஆளாளுக்கு இழுத்துச் சாத்த ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பஸ் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் நாலு இட்லி 40 ரூபாய். மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏலக்காய் வாங்குவதாக இருந்தால் ஏறுவதற்கு முன்பே போடியில் வாங்கிவிடுங்கள், ஏல மையமே இங்கேதான் இருக்கிறது. 8 எம்.எம். சல்லடையில் நின்ற காய் 100 கிராம் 320 ரூபாய் சொன்னார்கள். பச்சை நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு காயை உரித்துப் பார்க்க வேண்டும். விதை கறுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் முற்றிய காய். வெளுத்திருந்தால் பிஞ்சிலேயே பறித்தது.

பூப்பாறை தாண்டி கேப் ரோட்டில் பாறை சரிந்து, ஜே.சி.பி. வந்து அள்ளும்வரை ஒன்றரை மணி நேரம் வண்டி நகரவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, “யாரும் ஓரத்துல நிக்காதீங்க, மேலேருந்து இன்னும் வரும்” என்று ஒரு தடவை சொன்னார். யாரும் இறங்கவில்லை. முன் சீட்டில் இருந்த அக்கா மடியில் வைத்திருந்த பொங்கல் பானைக்குள் கையை விட்டு வறுத்த கடலைப் பொட்டலத்தை எடுத்து, சுற்றி இருந்தவர்களுக்கெல்லாம் கை நிறைய கொடுத்தார். எஸ்டேட்டில் இருக்கும் மகளுக்குப் பானை. கீழே போடியில் வாங்கினால் 60 ரூபாய் குறைவாம்.

தங்கிய வீடு பழைய மூணாறில். எஸ்டேட் ஸ்டோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் கட்டியது, இப்போது மருமகள் அறைகளை வாடகைக்கு விடுகிறார். ஒரு நாளைக்கு 1,400 ரூபாய். ராத்திரி சாப்பாடு கஞ்சியும் பயறும் சுட்ட அப்பளமும், 80 ரூபாய். எட்டு மணிக்கு வராந்தா வெப்பமானியில் 9 டிகிரி.

கூடத்து அலமாரியில் பைபிள், ஞானப்பாட்டுப் புத்தகம், பழைய எஸ்டேட் டைரிகள். அவற்றுக்கு நடுவில் முதுகுத்துணி பிரிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம்: அண்டார்க்டிகாப் பயணி எர்னஸ்ட் ஷேக்கிள்டனின் ‘சவுத்’. 1919இல் முதலில் வெளிவந்தது. இங்கே இருப்பது பிற்கால மறுபதிப்பு. துரைமார் பங்களாவைக் காலி செய்தபோது மாமனார் எடுத்து வந்ததாம்.

“படிங்க, ஆனா கொண்டு போயிராதீங்க தம்பி” என்றார் அந்த வீட்டு மருமகள் அக்கா.

ஜனவரி 9: மூணாறு

பனி உறைவதைப் பார்க்க வேண்டுமானால் ஆறரை மணிக்குள் வெளியே போய்விட வேண்டும். மேட்டில் தேடிப் பயனில்லை, பள்ளத்தில் தேட வேண்டும். மேகம் இல்லாத, காற்றடிக்காத இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கப் புல்வெளிகளில் உறையும்போது டவுனில் வெறும் ஈரப்பனிதான் இருக்கும். எட்டு மணிக்குள் எல்லாம் உருகிவிடும். உறைந்த தேயிலைக் கொழுந்து வெயில் பட்டதும் கருகிப் பழுப்பாகிறது. அந்த வரிசையில் மறுபடி கொழுந்து வர வாரக்கணக்காகும்.

காலைச் சாப்பாடு புட்டு, கடலைக்கறி, கட்டன் சாயா. எல்லாம் சேர்த்து 75 ரூபாய். மார்க்கெட் பக்கத்துக் கடையில் பெஞ்சில் இடம் இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பவரே நகர்ந்து இடம் விடுகிறார். தமிழில் கேட்டால் தமிழ், மலையாளத்தில் கேட்டால் மலையாளம்.

மீதிப் பகல் புத்தகத்தோடு போனது. மலை வீட்டில் பல வருடம் கிடந்த புத்தகத்தைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வெளியே கொண்டுபோய் நிழலில் நிறுத்தி வைத்து ஏடுகளை விசிறிபோல விரிக்க வேண்டும். வெயிலில் வைத்தால் அட்டை வளையும், பசை உதிரும். பூஞ்சை காய்ந்து தூளான பிறகு மென்மையான பிரஷ்ஷால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள்ளே போய்விடும். ஒட்டிய பக்கங்களைக் கத்தியால் பிரிக்காதீர்கள். தபால் அட்டையை நுழைத்து மெல்ல நகர்த்தினால் போதும். ராமபாணப் பூச்சி துளைத்த இடம் எழுத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தத் தாளை மடக்கவே கூடாது. இந்தப் பிரதியில் வரைபடம் இருந்த மடிப்புத் தாள் கிழிந்து போயிருந்தது. வரைபடம் இல்லாமல் ‘சவுத்’ படிப்பது பெரிய நஷ்டம். போனில் அண்டார்க்டிகா பக்கத்து வெட்டல் கடல், எலிஃபன்ட் தீவு, தெற்கு ஜார்ஜியா மூன்றும் தெரிகிற ஒரு படத்தை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஈடுகட்டலாம்.

கதையின் எலும்புக்கூடு பலருக்குத் தெரிந்ததே. அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடக்கத் திட்டம். ‘எண்டூரன்ஸ்’ கப்பல் 1914 ஆகஸ்ட் 8 அன்று பிளிமத்தை விட்டது. முதல் உலகப் போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. 1915 ஜனவரியில் கரையைக் காணும் தூரத்தில் வெட்டல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைப் பிடித்துக்கொண்டன. ஒன்பது மாதத்துக்கு மேல் பனியோடு மிதந்து, நசுங்கி, அக்டோபர் 27 அன்று கைவிடப்பட்டு, நவம்பர் 21 அன்று மூழ்கியது. 28 பேர் பனித்தட்டின் மேல். பிறகு மூன்று படகுகளில் எலிஃபன்ட் தீவு.

இதைப் ‘தைரியத்தின் கதை’ என்று சொல்லிச் சொல்லியே புத்தகத்தைப் படிக்கவிடாமல் செய்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. பக்கத்துக்குப் பக்கம் இருப்பது என்னென்ன சாமான், எத்தனை பவுண்டு, யார் எதைத் தைத்தார், எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார்கள் என்ற கணக்கு. அதுதான் இந்தப் புத்தகத்தின் உயிர். மேலோட்டமாகப் படிப்பவர்கள் அந்தப் பட்டியல்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

யார் எழுதியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஷேக்கிள்டன் சொல்லச் சொல்ல எழுதி வடிவம் கொடுத்தவர் எட்வர்ட் சாண்டர்ஸ் என்ற நியூசிலாந்துப் பத்திரிகையாளர். இவரே ஷேக்கிள்டனின் முந்தைய பயண நூலுக்கும் உதவியவர். சம்பவங்களில் இருந்த மற்றவர்களின் நாட்குறிப்புகளும் ஊடே வருகின்றன. அதனால் நடை ஓரிடத்தில் பேச்சுபோலவும், ஓரிடத்தில் கப்பல் பதிவேடுபோலவும் மாறுகிறது.

ஜனவரி 10: டாப் ஸ்டேஷன், வட்டவடை

“திரும்பி இந்த வழியாத்தானே வரணும், அப்ப குடுங்க” என்று அக்காவே புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வட்டவடைக்குப் போனவர்கள் மூணாறு வழியாகத்தான் திரும்ப வேண்டும். வரைபடத்தில் காந்தளூர் பக்கத்திலேயே தெரியும், அதை நம்ப வேண்டாம். நடுவில் காடு, பொதுப் பேருந்து கிடையாது.

டாப் ஸ்டேஷன் என்ற பெயர் ரயிலால் வந்தது. 1902இல் மூணாற்றிலிருந்து இதுவரை குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அது இரண்டு அடி அகல ரயில் பாதையானது. தேயிலைப் பெட்டிகள் இங்கிருந்து ரோப்வேயில் கீழே கோட்டக்குடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வண்டியில் போயின. 1924 ஜூலை வெள்ளம், மலையாள ஆண்டு 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் சொல்லப்படுவது, பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. பாதை போட்டவர்களும் பெட்டி தூக்கியவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களில் ஒருவர் கைப்பட எழுதிய புத்தகம் ஒன்று அந்த அலமாரியில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கீழே தெரிவது குரங்கணி. பார்க்கக் கைக்கெட்டும் தூரம். அனுமதி இல்லாமல் யாரும் அந்தச் சரிவில் இறங்கக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று அங்கே காட்டுத்தீயில் சிக்கி மலையேற வந்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனவரியிலேயே புல் மஞ்சளாகிவிடுகிறது. மார்ச்சில் காற்றும் சேர்ந்தால் சரிவில் தீ மேல்நோக்கி ஆளைவிட வேகமாக ஏறும். மேலே ஓடித் தப்ப முடியாது. வனத்துறை வழிகாட்டி இல்லாமல், தீக்காலத்தில், கூப்பிடுகிறவர் யாராக இருந்தாலும் போகாதீர்கள்.

வட்டவடையில் மதியச் சாப்பாடு 110 ரூபாய்: சிவப்பரிசிச் சோறு, சாம்பார், பீன்ஸ் தோரன், காரட் பொரியல், மோர். காரட் அப்போதே பிடுங்கியது. வாசலிலேயே கழுவுகிறார்கள், கிலோ 40. வட்டவடைப் பூண்டு கிலோ 350 ரூபாய். பல் சிறிசு, காரம் அதிகம். வாங்கினால் தழையோடு கட்டிய கொத்தாக வாங்க வேண்டும். அடுப்புக்கு மேலே கட்டிப் புகை பட விட்டால் மாதக்கணக்கில் கெடாது. பிளாஸ்டிக் பையில் வைத்தால் பத்து நாளில் முளைத்துவிடும்.

சாயங்காலம் மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது.

ஜனவரி 11: வட்டவடை

காலையிலிருந்து தூறல். கரண்ட் இல்லை. தங்கிய வீட்டில் கேஸ் தீர்ந்துவிட, பாட்டி பரணிலிருந்து பித்தளைப் பம்ப் ஸ்டவ்வை இறக்கினார். ‘சவுத்’தின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படிக்க இதைவிடப் பொருத்தமான நாள் அமையாது. அந்த அத்தியாயமே இரண்டு ஸ்டவ்களை நம்பித்தான் நடக்கிறது.

பாட்டி செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். டேங்கில் முக்கால் பாகம் மண்ணெண்ணெய். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். அது எரிந்து முடியும் தறுவாயில்தான் காற்றுத் திருகை மூடி, பம்ப்பை நாலைந்து முறை அடித்தார். சூடேறிய குழாயில் எண்ணெய் ஆவியாகி ஊசித்துளை வழியே சீறிக்கொண்டு வந்து நீலமாக எரிந்தது. அவசரப்பட்டு முன்பே பம்ப் அடித்தால் ஆவியாகாத எண்ணெய் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரியும், பாத்திரம் கரியாகும். ஊசித்துளை அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின் போட்டுக் குத்த வேண்டும். பாட்டியின் பின் ஒரு தகரத் துண்டின் நுனியில் தலைமுடி அளவே உள்ள கம்பி. மூன்று விரலால் பிடித்து, துளைக்கு நேராக நிறுத்தி, ஒரே ஒரு குத்து. சாய்த்துக் குத்தினால் கம்பி முறிந்து துளைக்குள்ளேயே நின்றுவிடும், அன்றைக்கு அடுப்பு அவ்வளவுதான்.

1916 ஏப்ரல் 24 அன்று எலிஃபன்ட் தீவிலிருந்து ‘ஜேம்ஸ் கேர்ட்’ படகில் ஏற்றிய சாமான் பட்டியலில் இதே ஸ்டவ் இரண்டு, உதிரி பாகங்களோடும் பின்களோடும் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஆறரை கேலன், அதாவது சுமார் 30 லிட்டர். ஒரு டின் ஸ்பிரிட். 30 பெட்டித் தீக்குச்சி. தண்ணீர் 36 கேலன், சுமார் 160 லிட்டர். பிஸ்கட் 600. பயண உணவுக் கட்டிகள் 300. சர்க்கரைக் கட்டி ஒரு பெட்டி, பால் பவுடர் 30 பொட்டலம். ஆறு பேர்: ஷேக்கிள்டன், வழிகாணும் பொறுப்பில் பிராங்க் வோர்ஸ்லி, டாம் கிரீன், தச்சர் ஹாரி மெக்நிஷ், மெக்கார்த்தி, வின்சென்ட். உதவி தேடிப் போக வேண்டிய தெற்கு ஜார்ஜியாத் தீவு சுமார் 800 மைல். கிட்டத்தில் இருந்த ஃபாக்லாந்துத் தீவுகளை விட்டுவிட்டுத் தூரமான இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் காற்று. அந்தக் கடலில் மேற்கிலிருந்து இடைவிடாமல் அடிக்கும். அதை எதிர்த்து அந்தப் படகு போகாது.

படகைத் தயார் செய்த விதம்தான் இந்தப் புத்தகத்திலேயே நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி. இருபத்திரண்டரை அடி நீளப் படகு, மேலே திறந்தது. மெக்நிஷ் முன்பே பனித்தட்டில் இருந்தபோது உடைந்த கப்பலின் மரத்தை வைத்துப் பக்கங்களை உயர்த்தியிருந்தார். தண்ணீர் புகாமல் கலப்பத்து அடிக்கக் கயிறும் தாரும் இல்லை. இணைப்பு இடுக்குகளில் விளக்குத் திரியை அடைத்து, ஓவியர் மார்ஸ்டனின் எண்ணெய் வண்ணத்தையும் சீல் என்ற கடல்நாயின் ரத்தத்தையும் பூசினார்கள். தீவுக்கு வந்ததும் மேல்தளம் போட வேண்டியிருந்தது. சறுக்குவண்டிகளின் அடிக்கட்டைகளும் பெட்டி மூடிகளும் சட்டமாயின. மேலே போர்த்த வேண்டிய கித்தான் பலகைபோல உறைந்து கிடந்தது. சீல் கொழுப்பு எரியும் அடுப்பின் மேல் அடி அடியாகப் பிடித்து இளக்கி, இளகிய அளவுக்குத் தைத்து, மறுபடி அடுத்த அடியை இளக்கினார்கள். ஆணி பழைய பெட்டிகளிலிருந்து பிடுங்கியது. அலையில் படகின் முதுகு முறியாமலிருக்க மற்றொரு படகின் பாய்மரத்தை உள்ளே அடிக்கட்டையோடு நீளவாக்கில் கட்டினார்கள். கவிழாமலிருக்கப் போர்வைகளைப் பையாகத் தைத்துக் கல் நிரப்பினார்கள்.

என்ன தவறிப்போனது என்பதையும் புத்தகம் ஒளிக்கவில்லை. படகை இறக்கும்போது ஒரு தண்ணீர்ப் பீப்பாய் பாறையில் மோதி, உப்பு நீர் கலந்துவிட்டது. பயணத்தின் கடைசியில் நாக்கு வீங்கியதற்கு அந்த ஓட்டைதான் காரணம். கல் மூட்டைகளை அடிக்கடி இடம் மாற்ற வேண்டியிருந்தது. முழங்காலிட்டு, குனிந்து, ஈரத்தில். தூங்கும் பைகளின் மான்முடி உதிர்ந்து கஞ்சியில் விழுந்தது. மேல்தளத்தில் தண்ணீர் உறைந்து உறைந்து படகு கனத்துத் தாழ்ந்தபோது, ஆளுக்குச் சில நிமிடமாக ஊர்ந்து போய்ப் பனியைக் கொத்தி எறிந்தார்கள். பாரம் குறைக்க உபரித் துடுப்புகளையும் இரண்டு தூங்கும் பைகளையும் கடலில் வீசினார்கள். நனைந்து உறைந்த பை ஒன்று 40 பவுண்டு கனம்.

சூரியனைப் பார்த்து இருப்பிடம் கணிக்க வோர்ஸ்லிக்கு வாய்த்தது வழி முழுக்க நாலே தடவை. ஒவ்வொரு முறையும் ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, அலையின் உச்சிக்குப் படகு ஏறும் அந்த ஒரு கணத்தில் அளக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் வேகம், திசை, உத்தேசம்.

இத்தனைக்கும் நடுவில் சாப்பாட்டு நேரம் மாறவில்லை. காலை எட்டுக்கு ஒரு குவளை கொதிக்கும் கஞ்சி, இரண்டு பிஸ்கட், சர்க்கரை. பகல் ஒன்றுக்கு அதே உணவுக் கட்டி சமைக்காமல், கூடவே சூடான பால். மாலை ஐந்துக்கு மறுபடி அதே. ராத்திரிக் காவலிலும் சூடாக ஒரு குவளை, பெரும்பாலும் பால். மாட்டிறைச்சிப் பொடி, கொழுப்பு, ஓட்ஸ், சர்க்கரை, உப்பு சேர்த்து அழுத்திய அரை பவுண்டுக் கட்டிதான் அந்தக் கஞ்சி. நிமிர்ந்து உட்கார முடியாத இடத்தில், ஸ்டவ்வைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துச் சமைத்தவர் டாம் கிரீன். ஆறு பேரும் உயிரோடு கரை சேர்ந்ததற்கு இந்த அடுப்பும் நேரம் தவறாத கஞ்சியும் எவ்வளவு பெரிய காரணம் என்பது நாள் முழுக்க நனைந்த சட்டையோடு இருந்து பார்த்தால் புரியும். அந்தப் படகில் கடுங்குளிரைவிட ஈரமே அவர்களை வதைத்தது. உப்பு நீரில் ஊறிய கம்பளித் துணி உராய்ந்து தொடையெல்லாம் கொப்புளம்.

வட்டவடைக்கு வருகிறவர்களுக்கும் இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ள இருக்கிறது. இங்கே வெப்பமானி காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஈரத்துக்குப் பயப்படுங்கள். பருத்தி பனியன் நனைந்தால் இந்த மூடுபனியில் இரண்டு நாளானாலும் காயாது. உடம்பை ஒட்டி கம்பளியோ செயற்கை நூலோ, மேலே மழைக்கோட்டு, பைக்குள் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்த ஒரு ஜோடி காய்ந்த காலுறை. அந்தக் காலுறை ராத்திரிக்கு மட்டும். பகலில் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் எடுக்கக் கூடாது.

மே 10 அன்று படகு தெற்கு ஜார்ஜியாவின் ஹாகோன் மன்னர் விரிகுடாவில் கரை தொட்டது. கரையேறும்போது சுக்கான் கழன்று கடலோடு போய்விட்டது. சில நாள் கழித்து, அத்தனை பெரிய கடலிலிருந்து, அதே சிறு குடாவுக்குள் அதுவாகவே மிதந்து வந்து சேர்ந்தது.

பாட்டி மதியத்துக்கு அந்த ஸ்டவ்விலேயே கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். “கரண்டு இல்லாத நாளு, இதுக்கெல்லாம் என்ன கணக்கு?”

ஜனவரி 12: மறையூர்

காலை பஸ்ஸில் மூணாறு திரும்பி, புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மறையூர் பஸ். கூட்டம் நெரிகிறது. பொங்கலுக்கு ஊர் போகிற எஸ்டேட் குடும்பங்கள். கண்டக்டர் நிற்கிறவர்கள் தலைக்கு மேலாகவே சில்லறையைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி சீட்டுவரை அனுப்புகிறார். ஒரு ரூபாய்கூடக் குறையாமல் போய்ச் சேர்கிறது.

மறையூர் மழை மறைவுப் பக்கம். மூணாற்று ஈரம் ஒரு மணி நேரத்தில் காணாமல் போகிறது. சந்தனக் காட்டு வேலியை ஒட்டியே ரோடு. பொங்கல் நெருங்குவதால் ஆலைக் கொட்டகைகளில் அடுப்பு அணைவதில்லை. கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கும், எரிபொருள் பிழிந்து காய்ந்த சக்கையேதான். சுண்ணாம்புத் தண்ணீர் விட்டதும் அழுக்கு நுரையாக மேலே வரும், அதை அகப்பையால் வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுகிறார்கள். உருண்டால் இறக்கலாம். முந்தினால் உருண்டை நிற்காது, பிந்தினால் கல்லாகிக் கசக்கும். மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டுகிறார்கள். கிலோ 100 ரூபாய். வெளிர் மஞ்சளாகப் பளபளப்பதை வாங்காதீர்கள், மறையூர் வெல்லம் கரும்பழுப்பாகத்தான் இருக்கும்.

நேற்று விட்ட இடம்: தீவின் தவறான பக்கத்தில் கரையேறியதால் திமிங்கில வேட்டை நிலையத்துக்கு மலைகளைக் கடந்தாக வேண்டும். ஷேக்கிள்டன், வோர்ஸ்லி, கிரீன் மூவரும் மே 19 அதிகாலை நிலா வெளிச்சத்தில் கிளம்பினார்கள். கூடாரம் இல்லை, தூங்கும் பை இல்லை. 50 அடிக் கயிறு, தச்சரின் வாச்சி, ஒரு ஸ்டவ், 48 தீக்குச்சி, மூன்று நாள் உணவு. மெக்நிஷ் படகிலிருந்து பிடுங்கிய திருகாணிகளை பூட்ஸ் அடியில் முறுக்கி முனை வெளியே நிற்கும்படி செய்து கொடுத்தார். பனியில் பிடிமானம் அதுதான். தவறான முகடுகளில் ஏறி ஏறி இறங்கி, ஒரு சரிவில் இருட்டுவதற்குள் இறங்க வழியில்லாமல், கயிற்றைச் சுருட்டி அதன்மேல் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து சறுக்கினார்கள். காலை ஏழு மணிக்கு ஸ்ட்ராம்னஸ் நிலையத்தின் வேலைச் சங்கு கேட்டது. 36 மணி நேரம் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தத் தச்சருக்கு நேர்ந்தது ‘சவுத்’தில் இல்லை. பனித்தட்டில் ஒரு நாள் மெக்நிஷ் கட்டளைக்குப் பணிய மறுத்தார். அதை ஷேக்கிள்டன் மறக்கவில்லை. பயணம் முடிந்தபின் துருவப் பதக்கம் மறுக்கப்பட்ட நால்வரில் மெக்நிஷும் ஒருவர். அவர் கைவேலை இல்லாமல் அந்தப் படகு ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. இது பெரிய அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புத்தகத்தைப் படிக்கும்போது படகின் ஒவ்வொரு ஆணியிலும் அவர் பெயரைச் சேர்த்துப் படியுங்கள்.

ஜனவரி 13: சின்னாறு, உடுமலை

சின்னாறு வழியாகப் போகிறவர்கள் பகலிலேயே தாண்டிவிடுவது நல்லது, யானை நடமாட்டம் உண்டு. முள்மரமும் பாறையுமாக வறண்ட காடு. ஆற்றோரப் பெரிய மரங்களில் சாம்பல் மலை அணில் தெரியும். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் பார்க்கிறார்கள். டீ 12 ரூபாய், பக்கத்தில் வேறு கடை இல்லாதபோதும் விலை ஏற்றவில்லை.

மீட்பு நேற்றோடு முடிந்ததாக நினைப்பவர்கள் நிறையப் பேர். எலிஃபன்ட் தீவில் 22 பேர் கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில், பிராங்க் வைல்டின் பொறுப்பில், சீலும் பென்குயினும் தின்று காத்திருந்தார்கள். உறைபனியில் விரல்கள் செத்துப்போன இளைஞர் பிளாக்பரோவுக்கு அங்கேயே, குளோரோஃபாம் கொடுத்து, இடது கால் விரல்களை வெட்டி எடுத்தார்கள். மூன்று கப்பல்கள் பனியைத் தாண்ட முடியாமல் திரும்பின. நாலாவதாக, சிலி நாட்டின் ‘யெல்ச்சோ’ ஆகஸ்ட் 30 அன்று போய் 22 பேரையும் ஏற்றியது.

“ஒருவரைக்கூட இழக்கவில்லை” என்று மேடைகளில் சொல்வது இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுவதால்தான். பதின்மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ராஸ் கடல் குழு வருகிறது. கண்டத்தின் மறுபக்கத்தில், ஷேக்கிள்டன் நடந்து வருவார் என்று நம்பி அவருக்காக வழியில் உணவு வைக்கப் போனவர்கள். 1915 மே மாதம் ‘அரோரா’ கப்பல் புயலில் நங்கூரம் அறுந்து போய்விட, பத்துப் பேர் கரையில் மாட்டிக்கொண்டார்கள். அப்படியும் சொன்ன இடங்களில் எல்லாம் உணவு வைத்தார்கள். வரவேண்டியவர் வரவில்லை. ஸ்பென்சர்-ஸ்மித் 1916 மார்ச்சில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் இறந்தார். மெக்கின்டாஷும் ஹேவர்டும் மே மாதம் கடல் பனியின் மேல் நடந்து போனவர்கள் திரும்பவில்லை. வெட்டல் கடல் குழுவுக்கு ஸ்கர்வி வராததற்குக் காரணம் அவர்கள் தின்ற புதிய இறைச்சி. ராஸ் கடல்காரர்கள் வண்டி இழுத்த மாதங்களில் உலர்ந்த உணவை மட்டும் நம்பினார்கள். வைட்டமின் சி எந்தப் பொருள் என்பது அடையாளம் காணப்பட்டது 1930களில்தான். மீதி ஏழு பேரை மீட்க அதே ‘அரோரா’ 1917 ஜனவரி 10 அன்று போனது. ஷேக்கிள்டனும் அதில் இருந்தார்.

பலர் இந்த அத்தியாயங்களை ‘இழுவை’ என்று விட்டுவிடுகிறார்கள். நான் இவற்றை முதலில் படிக்கச் சொல்வேன். வெற்றி பெற்ற படகுப் பயணத்தை அதற்குப் பிறகு படித்தால் அடுப்பும் இறைச்சியும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தானாகத் தெரியும்.

அமராவதி தாண்டியதும் வெயில் சுட்டது. உடுமலை பஸ் நிலையத்தில் கரும்புக் கட்டு ஏறிய லாரிகள், பரோட்டா, சால்னா, 50 ரூபாய். புத்தகம் பதிப்புரிமை முடிந்தது, குட்டன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்குவதானால் மூணாற்றிலேயே இறக்கிவிடுங்கள். மறையூரிலிருந்து அமராவதிவரை சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பாதியில் நின்ற பதிவிறக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். படங்களோடு உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். குழுவின் புகைப்படக்காரர் பிராங்க் ஹர்லி மூழ்கும் கப்பலுக்குள் இறங்கி எடுத்து வந்து, பாரம் குறைக்க நானூறு அளவில் உடைத்தெறிந்தது போக மிஞ்சிய கண்ணாடித் தகடுகளிலிருந்து வந்தவை அவற்றில் பல.